கேமிங் மானிட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குங்கள்

மானிட்டர் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் திரையின் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கேமிங் கணினிக்கு அது தலைகீழான வழி. ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் (அடுத்தடுத்து வரும் படங்கள்) வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. வந்ததைக் காட்டுவதே மானிட்டரின் வேலை. எனவே கார்டின் திறனை அளந்துவிட்டு, அதற்கேற்ற திரையைத் தேட வேண்டும்.

படி 1: ஃபிரேம்களை அளந்து பாருங்கள்

நீங்கள் அதிகம் விளையாடும் இரண்டு மூன்று கேம்களைத் திறந்து, ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்துக்குள் கட்டுப்படுத்தும் வி-சிங்க் அமைப்பை அணைத்துவிட்டு, எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கான ஃபிரேம்கள்) எண்ணைத் திரையின் மூலையில் தெரியச் செய்யுங்கள். வி-சிங்க் இயங்கினால் பழைய மானிட்டரின் 60-ஐத் தாண்டி எண் ஏறாது. வெடிப்பும் புகையும் நிறைந்த காட்சிகளில் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதையே குறித்துக்கொள்ள வேண்டும். அமைதியான இடத்தில் தெரியும் உச்ச எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

புதிய மானிட்டர் கைக்கு வருவதற்கு முன்பே அதன் பளுவைச் சோதிக்கவும் வழி உண்டு. என்விடியா கார்டுகளில் டிஎஸ்ஆர் என்றும், ஏஎம்டி கார்டுகளில் விஎஸ்ஆர் என்றும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், உங்கள் 1080 (1920×1080 பிக்சல்) திரையிலேயே 1440 (2560×1440) அல்லது 4கே (3840×2160) அளவில் கேமை ஓட்டி, எஃப்பிஎஸ் எவ்வளவு சரிகிறது என்று பார்த்துவிடலாம்.

படி 2: ரெசல்யூஷனையும் (பிக்சல் எண்ணிக்கை) அங்குலத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களும் (படத்தின் புள்ளிகள்), 2560×1440 திரையில் 36.9 லட்சமும், 4கே திரையில் 82.9 லட்சமும் உள்ளன. அதாவது, 1080-இலிருந்து 4கே திரைக்குப் போனால் கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் நான்கு மடங்கு பிக்சல்களை வரைந்தாக வேண்டும். 24 அங்குலத்தில் 1080 போதுமானது. அதே 1080-ஐ 27 அங்குலத்தில் வாங்கினால், அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்களே வருவதால், மேசைத் தொலைவில் எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலத்துக்கு 1440 சரியான பொருத்தம். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரையும் அதுதான்.

படி 3: ரெஃப்ரெஷ் ரேட்

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட், அதன் அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிநொடி நிற்கிறது, 144-இல் 6.9, 240-இல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி மிச்சமாகிறது, அடுத்த தாவலில் 3 கூட மிச்சமாவதில்லை. கதை சார்ந்த கேம்களை விளையாடுபவர்களுக்கு 144 தாராளம். வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற போட்டி கேம்களையே நாள்தோறும் ஆடுபவர்கள், கார்டும் அந்த ஃபிரேம்களைத் தருமானால், 240-ஐப் பரிசீலிக்கலாம்.

கார்டின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாதபோது படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். இதைத் தடுக்கும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி இல்லாத மானிட்டரை விட்டுவிடுங்கள்.

படி 4: பேனல்

பேனல் என்பது படத்தைக் காட்டும் திரைப் பலகை, ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி ஆகியவை அதன் வகைகள். ஐபிஎஸ் பேனலில் நிறமும் பார்க்கும் கோணமும் நன்றாக இருக்கும். கறுப்பு சற்றே சாம்பல் பூத்திருக்கும். விஏ பேனலின் கறுப்பு ஆழமானது, ஆனால் விலை குறைந்த மாடல்களில் இருண்ட காட்சி நகரும்போது நிழல் இழுபடும். ஓஎல்இடி இரண்டு குறைகளும் அற்றது. விலை அதிகம், அசையாத படம் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. பெட்டியின் மேல் “1 எம்எஸ்” (1 மில்லிநொடி) என்று இருந்தால், அது எம்பிஆர்டி (நகரும் படம் மங்கலாகத் தெரியும் நேரம்) அளவா என்று பாருங்கள். பின்னொளியை விட்டுவிட்டு எரியச் செய்து பெறும் எண் அது. அந்த அமைப்பை இயக்கினால் திரையின் வெளிச்சம் குறைந்துவிடும்.

படி 5: போர்ட்டும் கேபிளும்

4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ 2.0 போதாது, ஹெச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தேவை. “ஹெச்டிஎம்ஐ 2.1” என்ற சொல் மட்டும் முழு வேகத்துக்கு உத்தரவாதமல்ல என்பதால், எந்தப் போர்ட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று விவரப் பட்டியலில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று ரெஃப்ரெஷ் ரேட்டை உயர்த்துங்கள். பல கணினிகளில் அது 60-லேயே நின்றிருக்கும். மானிட்டர் மெனுவில் உள்ள ஓவர்டிரைவை (பிக்சல்கள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) நடு அளவில் வையுங்கள், உச்சத்தில் வைத்தால் நகரும் பொருள்களின் பின்னால் வெளிறிய வால் தெரியும். கடைசியாக, முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் விரித்து, செத்த பிக்சல் (ஒளிராத அல்லது நிறம் மாறாத புள்ளி) உண்டா என்று திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.