கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோ

கானாடுகாத்தான் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில்) மாட்டியிருந்த ஐயாவின் ரங்கூன் ஸ்டூடியோ போட்டோ, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்ற பசை போன்ற பொருள். ஈரக்காற்றில் இளகும், காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். "ஆவியில காட்டு, வந்துரும்" என்றார் சித்தப்பா. வேண்டவே வேண்டாம் என்றேன். பிய்த்தால் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்தேன். இடம், வெயில் நேராக விழாத முகப்பு. இரண்டு பக்கமும் விளக்கு, 45 டிகிரி சாய்வில். பிளாஷ் கூடாது. கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை விட்டதும் கண்ணாடியில் தெரிந்த பிம்பம் போய்விட்டது.

அப்புறம் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்! ஐயாவுக்குப் பின்னால் இருந்த மாளிகைப் படிக்கட்டு, துணியில் தீட்டியது. அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு சுருக்கம். சட்டைப் பையில் பேனா. இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

மூலப்படத்தைச் சாரல் படாத உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். புதுப் பிரதிக்குச் சட்டம் போடும்போது, கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.