ஓரா மீனும் பழைய படங்களும்: எங்கெங்கே தவறுகிறோம்

ஓராவுக்கு ஆங்கிலத்தில் ‘ராபிட்ஃபிஷ்’ என்று முயலை ஒட்டிய பெயர். சின்ன வாய், தடித்த மேலுதடு, பாசியையும் கடற்புல்லையும் நாள் முழுக்க நறுக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் என்று எல்லாம் சேர்ந்து வந்த பெயர். பொருத்தம்தான். அதற்காக அதைத் தமிழில் ‘முயல் மீன்’ என்று எழுதுவது முதல் தவறு. அந்தப் பெயரில் கேட்டால் எந்த மீன்காரருக்கும் புரியாது. ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும் அது ஓரா, அவ்வளவுதான்.

குழப்பம் பெயரோடு நிற்பதில்லை. முயல் என்ற சொல்லை வைத்துப் பழைய மீன் படங்களைத் தேடினால் மூன்று வேறு பிராணிகள் வந்து விழும். ஒன்று நம் ஓரா. இன்னொன்று வட அட்லாண்டிக்கின் ஆழத்தில் வாழும், பெரிய கண்ணும் எலிவாலும் கொண்ட குருத்தெலும்பு மீன். சுறாவுக்குத் தூரத்து உறவு, ஆங்கிலத்தில் அதற்கும் முயல் பெயர்தான். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் அதற்கு ‘கைமீரா மான்ஸ்ட்ரோசா’ என்று பெயர் வைத்தார். மூன்றாவதுதான் ஆபத்தானது: ‘லாகோசெபாலஸ்’ என்ற, உடம்பை உப்பிக்கொள்ளும் விஷப் பேத்தை மீன். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ‘முயல் தலை’ என்று பொருள்.

இந்தப் பேத்தைக்கும் படம் வரைவதற்கும் ஒரு கதை உண்டு. 1774 செப்டம்பரில் நியூ கலிடோனியாவில் கேப்டன் குக்கின் கப்பலுக்கு ஒரு மீன் வந்து சேர்ந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆக்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் கூட வந்திருந்த ஃபோர்ஸ்டர்கள், அப்பாவும் மகனும் இயற்கை ஆய்வாளர்கள், அதை வரைந்து குறிப்பெழுதி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. சரி என்று ஈரலையும் சினையையும் மட்டும் சமைத்து, குக்கும் அவர்கள் இருவரும் ருசி பார்த்தார்கள். விடிவதற்குள் கை கால் மரத்துப் போனது. குடலைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது. படம் வரையத் தாமதமானதால் உயிர் பிழைத்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. அதனால் முயல் என்று எழுதியிருக்கும் படத்தைப் பார்த்து ‘ஓ, ஓராதானே, நல்ல மீன்’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்த தவறு நிறத்தை நம்புவது. ஆம்ஸ்டர்டாமில் லூயி ரெனார் 1719இல் வெளியிட்ட மீன் புத்தகத்தில் நூறு பக்கங்கள் நிறைய வண்ணப் படங்கள். ரெனார் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனதே இல்லை. அம்போன் தீவில் ஃபலூர் என்பவர் தீட்டிய படங்கள்தாம் அதில் பெரும்பகுதிக்கு மூலம். மீனின் வடிவம் ஓரளவு தேறும், நிறமோ கற்பனை. போதாததற்கு ஒரு கடற்கன்னியும் அதில் இருக்கிறாள், உயிரோடு தொட்டியில் வைத்திருந்ததாகக் குறிப்புடன்! அழகுக்காகப் பார்க்கலாம், அடையாளத்துக்காக அல்ல.

நேர்மையான படங்களிலும் சிக்கல் உண்டு. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் ப்ளோக் 1782 முதல் 1795 வரை 432 படங்களோடு மீன்களைப் பற்றி எழுதினார். அன்றைக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தூர தேசத்து மீன்கள் அவரிடம் வந்தது சாராயத்தில் ஊறியோ உலர்ந்தோதான். அப்படி வரும் மீனில் மஞ்சளும் ஆரஞ்சும் போய்ப் பழுப்பு மிஞ்சும். அப்புறம், அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் பூசினார்கள். ஒரே படம் இரண்டு நூலகங்களில் இரண்டு நிறத்தில் இருக்கும். ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு ‘ப்ளோக் இந்த நிறத்தைத்தான் கண்டார்’ என்று எழுதக்கூடாது.

உயிருள்ள ஓராவே நிறத்தில் நிலையாக நிற்பதில்லை. பயந்தாலோ இரவில் தூங்கினாலோ உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் காலையில் விளக்கைப் போட்டதும் ‘மீனுக்கு நோய் வந்துவிட்டது’ என்று பதறுவது இதனால்தான். நரி முகத்து மஞ்சள் ஓராவில் பக்கவாட்டில் கரும்புள்ளி இருப்பதும் இல்லாததும் தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டவை. மரபணுவில் பார்த்தால் இரண்டையும் பிரிக்கும் அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை.

பெயர்ச் சீட்டை நம்புவது இன்னொரு வழுக்கல். ஓராக்களின் பேரினத்துக்கு இன்று ‘சிகானஸ்’ என்று பெயர், சுமார் 30 இனங்கள். செங்கடல் மீன்களை ஆராய்ந்த ஃபோர்ஸ்கால் அரபுச் சொல்லிலிருந்து எடுத்தது அது. அவர் 1763இல் யேமனில் இறந்துபோக, குறிப்புகளை அவரோடு பயணம் போன நீபுர் 1775இல் அச்சிட்டார். ஆனால் பழைய படங்களின் அடியில் அந்தப் பெயரைத் தேடினால் பாதி கிடைக்காது. ப்ளோக் 1787இல் ஒரு புள்ளி ஓராவை ‘கீட்டோடான்’ என்றார், இன்று அது வண்ணத்துப்பூச்சி மீன்களின் பெயர். லின்னேயஸ் 1766இல் ‘டியூத்திஸ்’ என்ற ஒரே தலைப்பில் ஓராவையும், வாலடியில் கத்தி வைத்திருக்கும் வேறொரு குடும்பத்து மீனையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஆகவே ‘டியூத்திஸ்’ என்று எழுதிய படம் ஓராவாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நம் பக்கத்தில் கிடைக்கும் வெண்புள்ளி ஓராவை 1797இல் விவரித்தவர் மங்கோ பார்க். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப்போன அதே ஆள். அதற்கு முன் கப்பல் மருத்துவராகச் சுமத்ரா போய் வந்தபோது எட்டு மீன்களை எழுதி வைத்திருந்தார். நான்கு வருடம் கழித்து, 1801இல், ப்ளோக் விட்டுச்சென்ற வேலையை ஷ்னைடர் முடித்து வெளியிட்டபோது அதே மீனுக்கு இன்னொரு பெயர் விழுந்தது: ‘ஒராமின்’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ப்ளோக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன் அனுப்பிக்கொண்டிருந்தவர் மிஷனரி ஜான். கரையில் யாரோ ‘ஓரா மீன்’ என்று சொன்னது லத்தீன் உடுப்பு போட்டுக்கொண்டு பெர்லினில் அச்சேறியிருக்கிறது என்பது என் கணிப்பு. முந்திய பெயர் என்பதால் பார்க் வைத்ததே நிலைத்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நிறமும் பெயரும் கைவிட்டால் எதைப் பார்ப்பது? முள்ளை. ஒரு ஓராவை மல்லாக்கப் போட்டு வயிற்றுத் துடுப்பை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். சங்கரா போன்ற மீன்களில் முன்னால் ஒரு முள், பின்னால் வளையும் ஐந்து மென்கதிர். ஓராவின் இரண்டு வயிற்றுத் துடுப்பிலும் ஒரு முள், மூன்று மென்கதிர், மறுபடி ஒரு முள். உள்பக்க முள்ளை ஒரு மெல்லிய சவ்வு வயிற்றோடு பிடித்து வைத்திருக்கும். முதுகில் 13 முள், அடித்துடுப்பில் 7. எல்லா ஓராவிலும் இதே கணக்கு. ஆகவே இது எந்த ஓரா என்பதை முள் சொல்லாது, ஓராவா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். பழைய படத்திலும் வயிற்றுத் துடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே ஓவியர் பின்முள்ளை வரைந்திருந்தால் மீனைக் கையில் வைத்து வரைந்தவர் என்று நம்பலாம்.

எண்ணும்போது கவனம். மொத்தம் 24 முள்ளிலும் விஷம் உண்டு, செத்த மீனிலும் அது போகாது. ஐஸில் கிடந்த மீன்தானே என்று அலட்சியமாகக் கழுவி நான் ஒருமுறை கட்டைவிரலில் வாங்கியிருக்கிறேன். நான் செய்த அடுத்த தவறு, குத்திய இடத்தில் அதே ஐஸை வைத்தது. வலி குறையவே இல்லை. செய்ய வேண்டியது நேர்மாறு: பொறுக்கும் சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விரலை வைத்திருப்பது. அந்த விஷம் சூட்டில் சிதையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்பே கத்தரியால் முள்ளை நறுக்கிவிடுவது இன்னும் நல்லது.

கடைசியாக இடம். ஓரா இந்தியப் பெருங்கடலுக்கும் மேற்குப் பசிபிக்குக்கும் உரியது. இன்று துருக்கி, கிரேக்கக் கடலோரங்களில் கூட்டம் கூட்டமாக மேய்ந்து பாறைகளை மொட்டையடிக்கிறதே என்றால், அது 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியே செங்கடலிலிருந்து போனது. மத்தியதரைக் கடலில் முதல் பதிவு 1920களில்தான். ஆகவே 18ஆம் நூற்றாண்டு ஓரா படம் ஒன்றை ‘மத்தியதரைக் கடல் மீன்’ என்ற குறிப்போடு யாராவது விற்க வந்தால், அந்தக் குறிப்பு பின்னால் யாரோ ஒட்டியது.