சாக்கடைப் புகாரோடு கவுன்சிலரைப் பார்க்கப் போகுமுன்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. என்று மூன்று பேர் நம்பரையும் தேடிப் பிடித்து, ஒரே மெசேஜை மூவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதுதான் வழக்கம். அது நீல டிக்கோடு நின்றுவிடும். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மழையே இல்லாத நாளிலும் கழிவுநீர் தேங்கிய பிரச்சினை வேறு வழியில்தான் தீர்ந்தது. அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

1. வார்டு எண்

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள்; பல வார்டுகள் சேர்ந்தது ஒரு மண்டலம். உங்கள் வார்டு எண்ணை மாநகராட்சி இணையதளத்தில் பாருங்கள். தெருமுனைப் பலகையை நம்ப வேண்டாம். 2018இல் வார்டுகளை மறுவரையறை செய்தார்கள்; சில பலகைகளில் அதற்கு முந்தைய எண்ணே இருக்கிறது.

2. இது யார் வேலை?

எங்கள் புகார் சிக்கிக்கொண்டது இங்கேதான். ஓர் அலுவலகத்தில் "எங்களோடது இல்ல" என்று மூடினார்கள், இன்னொன்றிலும் அதே பதில்.

தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர். இரண்டும் தனித்தனி அமைப்பு, தனித்தனி இன்ஜினியர்கள். கரன்ட் மின்வாரியம்.

குழப்பம் வருவது வடிகாலுக்கும் சாக்கடைக்கும் நடுவில். மூடியைப் பாருங்கள். ரோட்டுக்குள் வட்டமான மூடி என்றால் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை. ரோட்டோரமாக வரிசையாகப் போகும் நீள்சதுர கான்கிரீட் சிலாப் என்றால் மழைநீர் வடிகால். வெயில் காயும் நாளில் அந்தச் சிலாப் இடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால், எங்கோ சாக்கடை நீர் வடிகாலில் கலக்கிறது. யாராவது வீட்டு இணைப்பை அதில் விட்டிருக்கலாம், அல்லது சாக்கடைக் குழாய் அடைத்து வழியலாம்.

இப்படிப்பட்ட கேஸில் ஒரே புகாரோடு நிற்காதீர்கள். இரண்டு இடத்திலும் பதியுங்கள். மாநகராட்சிக்கு 1913, மெட்ரோ வாட்டருக்கு 044-45674567. புகார் எண்கள் வந்ததும், மனு எழுதும்போது மாநகராட்சி மனுவில் மெட்ரோ வாட்டர் புகார் எண்ணையும், மெட்ரோ வாட்டர் மனுவில் மாநகராட்சிப் புகார் எண்ணையும் குறிப்பிடுங்கள். பந்தைத் தள்ளிவிடுவது அப்புறம் கஷ்டம். (மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. அதில் இவ்வளவு சிக்கல் இல்லை.)

3. மனு

புகார் செய்ய ஆப் இருக்கிறது, பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் என் ஓட்டு காகிதத்துக்குத்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், அரைப் பக்கம், போதும். "நீண்ட நாட்களாக அவதிப்படுகிறோம்" என்று ஆரம்பிக்காமல், தெருப் பெயர், எந்த வீட்டு வாசலிலிருந்து எந்த வீட்டு வாசல் வரை, பக்கத்து விளக்குக் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண் என்று போடுங்கள். கம்ப எண் இருந்தால் இன்ஜினியர் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேதி தெரியும் ஜி.பி.எஸ். கேமரா போட்டோ இரண்டு போதும். வீடியோவை யாரும் திறப்பதில்லை.

மாநகராட்சியின் வார்டு உதவிப் பொறியாளர் (ஏ.ஈ.) அலுவலகத்துக்கு ஒன்று, மெட்ரோ வாட்டர் டெப்போவுக்கு, அதாவது உங்கள் பகுதிக்கான அவர்களுடைய சின்ன அலுவலகத்துக்கு, ஒன்று. கொடுக்கும்போது ஜெராக்ஸில் தேதியோடு சீல், கையெழுத்து வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். சீல் இல்லை என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை குறைதீர் கூட்டம் நடக்கும். அதிகாரி நேரில் உட்கார்ந்திருப்பார். பலருக்கு இது தெரிவதில்லை.

4. இப்போது கவுன்சிலர்

போனதும் முதல் கேள்வி, "எந்தத் தெருப்பா? ஏ.ஈ. கிட்ட குடுத்தீங்களா?" சீல் வைத்த ஜெராக்ஸை நீட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவில் மூன்று நான்கு பேர், அதில் தினமும் அந்தத் தண்ணீரைத் தாண்டிக் குடம் தூக்கும் அக்காக்கள் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். கட்சி பேச வேண்டாம். நீங்கள் ஓட்டுப் போடவில்லை என்றாலும் அவர்தான் உங்கள் கவுன்சிலர்.

"சரி பண்ணிக் குடுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், "ரெண்டு ஏ.ஈ.யையும் ஒரே நாள் ஸ்பாட்டுக்கு வரச் சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள்; மாநகராட்சி ஏ.ஈ. ஒருவர், மெட்ரோ வாட்டர் ஏ.ஈ. ஒருவர். எங்கள் தெருவில் வேலை நடந்தது அந்தக் கூட்டு ஆய்வுக்கு அப்புறம்தான். சிலாபைத் தூக்கி இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தால், யாருடையது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். மண்டலத்துக் கவுன்சிலர்கள் கூடும் மண்டலக் குழுக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

எம்.எல்.ஏ., எம்.பி.யை அடைப்பு எடுக்கத் தேடாதீர்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி. பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம் மாதிரி புதிதாகக் கட்டும் வேலைக்கு அங்கே போங்கள்.

5. ஏரியா சபை

2022இல் இதற்கு விதிகள் வந்தன. வார்டைப் பல ஏரியாக்களாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட்ட வேண்டும். கிராம சபை மாதிரி நகரத்துக்கு. தேதியைக் கவுன்சிலர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நோட்டீஸ் கண்ணில் படாமலே போகும். அங்கே பேசினால் மட்டும் போதாது, கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பதிவில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிற்சேர்க்கை

மண்ணடி வாசகர் ஒருவர், "வடசென்னை எம்.பி. ஆபீஸ்ல எங்க தொகுதி இல்லன்னு சொல்றாங்க" என்று எழுதியிருந்தார். சரிதான். மண்ணடி அடங்கிய துறைமுகம் சட்டமன்றத் தொகுதி மத்திய சென்னை மக்களவைத் தொகுதியில் வருகிறது. வடசென்னைக்குள் வருபவை திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறுதான். மாதவரம் திருவள்ளூர் தொகுதி.

இன்னொருவர் திருவொற்றியூரிலிருந்து, கலெக்டர் மனுவுக்குத் திருவள்ளூர் போக வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ், திங்கள்கிழமை குறைதீர் நாள். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம்.