அலையில் கயாக் இறக்குவதும் கரை சேர்ப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை

துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீரில்தான். அலை உடையும் அந்த ஐம்பது அறுபது மீட்டரைத் தாண்டிவிட்டால், அமைதியான காலையில் கடல் நம்மை உட்கார வைத்து மீன் பிடிக்கவிடும். அதற்குள் இருக்கும்வரை நாற்பது கிலோ கயாக்கைக்கூடப் புரட்டிப் போட்டுவிடும். சென்னையை அடுத்த கோவளத்திலிருந்து புதுச்சேரி வரையிலான மணற்கரைகளை மனத்தில் வைத்து, மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக் வாங்கியிருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கயாக்கின் பள்ளங்களில் நூறு லிட்டர் ஏறினால் அதன் எடையோடு இன்னும் நூறு கிலோ கூடிவிடும். அத்தனையும் முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில், அலையின் வேகத்தோடு வரும். கால் எலும்பு தாங்காது. கயாக் அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் நீங்கள் கடல் பக்கம், அது கரைப் பக்கம். கீழே சொல்லும் எல்லாமே இதையொட்டித்தான்.

முந்தைய நாள்

ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் மையம் தரும் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை நொடி என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு நொடி இடைவெளியில் வரும் அலையும் பதினான்கு நொடி இடைவெளியில் வரும் அலையும் ஆழ்கடலில் ஒரே உயரமாக இருந்தாலும், கரையில் இரண்டாவது இன்னும் உயர்ந்து, இன்னும் பலமாக உடையும்.

கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் பேச்சே இல்லை, போகாதீர்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. அவர்கள் படகில் போகவில்லை, கரையோரத்தில்தான் இருந்தார்கள்.

கரையில் இருபது நிமிடம்

கயாக்கை வண்டியிலிருந்து இறக்கும் முன் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில பெரியவை அடுத்தடுத்து வந்தபின் கொஞ்ச நேரம் தணிந்திருக்கும். அந்தத் தணிந்த நேரம்தான் உங்களுக்கான கதவு. அது எத்தனை நொடி திறந்திருக்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். இருபது நிமிடமாவது பார்த்தால்தான் அன்றைய பெரிய கூட்டம் எது என்று தெரியும். புதியவர்களுக்கு என் அளவுகோல் இதுதான்: உடையும் அலை இடுப்புக்கு மேல் உயர்ந்தால் அன்று வீடு திரும்புங்கள்.

அலை எங்கே உடைகிறது என்பதும் ஒரு செய்தி. ஒரு மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே தொலைவில் வெள்ளையாக நுரைத்தால் அங்கே மணல்திட்டு இருக்கிறது. ஓத ஏற்றத்தின்போது அதே அலை திட்டைத் தாண்டி வந்து கரை விளிம்பிலேயே மடேரென்று விழலாம். காலையில் இறங்கிய இடம் பதினொரு மணிக்கு அதே இடமாக இருக்காது.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாகத் தெரிகிறதா? சுலபமான வழி போலத் தோன்றும். கரையில் ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. நீந்துகிறவரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்தில் இந்த இழுப்பு அடிக்கடி உருவாகும். கவிழ்ந்தால் கல்லிலும் மோதுவீர்கள். அங்கிருந்து நன்றாக விலகியே இறக்குங்கள்.

பக்கத்தில் மீனவர்கள் இருந்தால், "அண்ணா, இன்றைக்கு இங்கே இறக்கலாமா?" என்று கேளுங்கள். அந்தக் கரையின் மணல் போன வாரம் எப்படி நகர்ந்தது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கட்டுவதும் மூடுவதும்

கவிழப் போகிறோம் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். தூண்டில் கழியைச் செருகுகுழலில் நிமிர்த்தி வைத்தபடி அலைக்குள் போகவே கூடாது. கயாக் புரண்டதும் கழியின் நுனி மணலில் குத்தி ஒடியும், தூண்டில் நரம்பு தளர்ந்து முள் உங்கள் கழுத்தருகே ஆடும். முள்ளையும் ஈயத்தையும் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். கழியைப் படுக்கவைத்துக் கட்டுங்கள், முடிந்தால் கயாக்கின் உள்ளறைக்குள் தள்ளிவிடுங்கள். கத்தி உறையில் இருக்கட்டும்.

துடுப்பையும் கழிகளையும் பிணைக்கும் நீளக் கயிறுகள் ஆழத்தில் நல்லவை, அலைக்குள் கைகாலைச் சுற்றிக்கொள்ளும். அவிழ்த்துவிடுங்கள். சுக்கானும் காலால் மிதித்து ஓட்டும் மிதியும் இருந்தால் மேலே தூக்கிவிடுங்கள். உள்ளறை மூடிகளை அழுத்திப் பாருங்கள். இருக்கைத் தளத்தின் வடிகால் துளைகளிலிருந்து அடைப்பான்களை எடுத்துவிடுங்கள். கட்டுமரத்தின் மேல் ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே தானாக வடிந்துவிடுவதால்தான் அது அலையைத் தாங்கிவந்தது. இந்தத் துளைகளுக்கும் அதே வேலைதான்.

லைஃப் ஜாக்கெட் அணிந்து, வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். முகவாய்வரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். ஹெல்மெட்டும் நல்லது.

கடலுக்குள்

முன்முனை அலையை நேராகப் பார்க்க, முழங்கால் ஆழம்வரை தள்ளிச் செல்லுங்கள். இருக்கைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பெரிய கூட்டத்தின் கடைசி அலை கடந்ததும் முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து, உடனே துடுப்பு போடுங்கள். உட்கார்ந்தபின் இருக்கையைச் சரிசெய்ய நேரம் கிடையாது.

உடைந்த அலை எதிரே வந்தால் நிறுத்தத்தான் கை சொல்லும். நிறுத்தாதீர்கள். வேகமில்லாத கயாக்கை அலை பின்னுக்குத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும். உடலை முன்னால் சாய்த்து, துடுப்பை நுரைக்கு அப்பால் ஊன்றி இழுங்கள். துடுப்பை முகத்துக்கு நேரே குறுக்காகப் பிடித்தால் அலை அதை உங்கள் பல்லில் அடிக்கும். கடைசி அலையைத் தாண்டியபின்னும் இன்னும் கொஞ்சம் போய்விட்டு ஓய்வெடுங்கள்.

திரும்பும்போது

இறங்குவதைவிடக் கரை சேர்வதுதான் கடினம். அலை முதுகுப் பக்கம் வரும், கையும் ஓய்ந்திருக்கும். கோடைக்காலத்தில் நண்பகலுக்கு முன்பின்னாகக் கடற்காற்று எழுந்து தண்ணீரைக் குலைக்கும். அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் மறுபடி கட்டுங்கள். கரையில் குளிப்பவர்கள் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். பெரிய கூட்டம் போகட்டும். அதன் கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து போங்கள், முந்தாதீர்கள். இரண்டு துடுப்புக்கு ஒருமுறை பின்னால் பாருங்கள். அடுத்த அலை நெருங்கினால் பின்னோக்கித் துடுப்பு போட்டு அதை அடியில் கடக்கவிடுங்கள். அலை தூக்கிவிட்டால் உடலைப் பின்னால் சாய்த்து, துடுப்பின் தட்டைப் பின்பக்கம் தண்ணீரில் வைத்துச் சுக்கானாக்குங்கள்.

அப்படியும் கயாக் குறுக்கே திரும்பும். கரைப் பக்கம் சாயத்தான் உடல் துடிக்கும், சாய்ந்தால் அந்த நொடியே கவிழ்வீர்கள். அலையை நோக்கிச் சாயுங்கள். துடுப்பைத் தாழ்வாக நுரையின் மேல் அழுத்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். கையை உயர்த்தி நீட்டினால் தோள்மூட்டு நழுவும். நுரை உங்களைப் பக்கவாட்டிலேயே கரைக்குத் தள்ளிச் செல்லும். முழங்கால் ஆழத்தில் கடல் பக்கமாக இறங்கி, முன்முனைக் கைப்பிடியைப் பற்றி, அடுத்த அலை வருவதற்குள் மேட்டுக்கு இழுங்கள்.

இந்தச் சாய்வைப் படித்துக் கற்க முடியாது. தூண்டில் எதுவும் இல்லாத வெறும் கயாக்கோடு, முழங்கால் உயர அலையில், துணைக்கு ஒருவர் கரையில் நிற்க, வேண்டுமென்றே குறுக்கே திருப்பிப் பழகுங்கள்.

கவிழ்ந்தால்

முதலில் தலையைக் கையால் மறையுங்கள். மேலே வந்ததும் கயாக் எங்கே என்று பார்த்து அதன் கடல் பக்கம் செல்லுங்கள். பின்முனையை எட்டினால் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் கைப்பிடி வளையத்துக்குள் விரலை நுழைக்காதீர்கள், கயாக் புரளும்போது முறுக்கிவிடும். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். அது தானாகக் கரைக்குப் போகும், லைஃப் ஜாக்கெட் உங்களையும் மிதக்கவைக்கும். அலைக்குள் மறுபடி ஏற முயல வேண்டாம்.

கரை சேர முடியாவிட்டால்

அலை வளர்ந்துவிட்டது தெரிந்தால் வெளியிலேயே இருங்கள். ஓதம் மாறக் காத்திருக்கலாம், காற்றுக்கு மறைவான வேறு கரைக்கோ துறைமுகத்துக்கோ போகலாம். முகத்துவாரத்துக்குள் மட்டும் நுழையாதீர்கள். ஆற்றுநீர் வெளியேறும் நேரத்தில் அங்கே அலை மிகவும் செங்குத்தாக உடையும். செல்பேசி நீர்புகாப் பையில், லைஃப் ஜாக்கெட்டோடு பிணைத்து, உங்கள் மேலேயே இருக்க வேண்டும். கடலோரக் காவல்படை எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கை முழுதாக ஓய்ந்துபோகும் முன்பே அழையுங்கள்.