கேலிக் (Gaelic) கால்பந்து: ‘இப்படி மாற்றினால் சரியாகிவிடும்’ என்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பயிற்சி முடிந்து கிளப் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிறுவர் அணிக்குப் புதிதாகக் கோச்சாக வந்த இளைஞன் ஒரு தாளை நீட்டினான். அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப்பை எப்படித் திருத்துவது என்று கட்டம் கட்டி, வண்ணம் தீட்டி, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு தாளை நானும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கேலிக் கால்பந்து அயர்லாந்தின் சொந்த ஆட்டம். அணிக்கு 15 பேர், சம்பளம் கிடையாது, பிறந்து வளர்ந்த கவுண்டிக்காக (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆடுகிறார்கள். நான்கு மாகாணங்களில் மொத்தம் 33 அணிகள்: லென்ஸ்டரில் 11, அல்ஸ்டரில் 9, மன்ஸ்டரில் 6, கானாட்டில் 7. கானாட்டின் ஏழில் லண்டனும் நியூயார்க்கும் அடக்கம். மட்டை பிடித்து ஆடும் ஹர்லிங்கே உயிர் என்றிருக்கும் கில்கென்னி கவுண்டி இதில் சேர்வதில்லை. முதலில் மாகாணக் கோப்பை, அப்புறம் சாம் மக்வயர் கோப்பைக்கான அகில அயர்லாந்துச் சுற்று. இவை தவிர நான்கு டிவிஷன்களாக ஆடும் லீக் தனி; டிவிஷன் 1 மேலே, டிவிஷன் 4 கடைசி. இந்த அமைப்பு நியாயமா என்ற சண்டை எப்போதும் ஓயாது.

கூட்டல் பிழை, தேதி மோதல் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் யாராவது உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மாகாணங்களை ஒரே வீச்சில் தூக்கிப் போடுவது

அநியாயம் இருப்பது உண்மைதான். 2023-இல் டிவிஷன் 4 அணியான ஸ்லைகோ, லண்டனையும் நியூயார்க்கையும் ஜெயித்து கானாட் இறுதிக்குப் போனது. இறுதியில் கால்வேயிடம் தோற்றாலும், மாகாண இறுதிக்கு வந்ததாலேயே சாம் மக்வயர் சுற்றில் இடம் கிடைத்தது. அதே வருடம் டிவிஷன் 2-இல் இருந்த மீத், இரண்டாம் நிலைப் போட்டியான டால்ட்யன் கோப்பைக்குத் தள்ளப்பட்டது. அல்ஸ்டரில் ஒன்பது அணிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருக்க, மன்ஸ்டரில் கெர்ரி பல வருடங்களில் இரண்டே ஆட்டத்தில் கோப்பையை வாங்கிப் போகும்.

இதைக் காட்டி ‘மாகாணமே வேண்டாம்’ என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் 2025-இல் லவுத் 1957-க்குப் பிறகு முதல் முறையாக லென்ஸ்டரை ஜெயித்தது. 2020-இல் டிப்பரேரி 1935-க்குப் பிறகு மன்ஸ்டரை ஜெயித்தது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் ‘இந்தக் கோப்பைக்கு அர்த்தமில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். கூடவே யாரையாவது அழைத்துப் போங்கள்.

டப்ளினை இரண்டாக வெட்டுவது

டப்ளின் அளவுக்கு மீறிப் பலமான அணி, அதை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும் என்பார்கள். 2011 முதல் 2024 வரை டப்ளின் லென்ஸ்டரைத் தொடர்ந்து 14 முறை ஜெயித்தது உண்மைதான். 2025-இல் மீத் நிறுத்திவிட்டது, கத்தரிக்கோல் இல்லாமலே.

ஆட்டங்களை எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வரும் தவறு இதுதான். நானே செய்தது என்பதால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

2000 வரை ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஓடிப் பயிற்சி செய்தவன், கோடையில் 70 நிமிடம் ஆடிவிட்டு மூட்டை கட்டுவான். இது கொடுமை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 2001-இல் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தரும் ‘பின்வாசல்’ வந்தது. அந்த வருடமே ராஸ்காமனிடம் தோற்ற கால்வே, பின்வாசல் வழியாக வந்து கோப்பையைத் தூக்கியது. அதைப் பார்த்த என்னைப் போன்றவர்கள் ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம்: ஆட்டம் கூடினால் நியாயமும் கூடும்.

2021-இல் நான் போட்ட தாளில் 16 அணிகள், நான்கு நான்காக நான்கு குழுக்கள், குழுவுக்கு மூன்று அணிகள் அடுத்த கட்டத்துக்கு. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. இதைவிட நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை. கவுண்டி அளவில் பல வருடம் அட்டவணை போட்டு ஓய்ந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: “முதல் வாரம் தோற்றவன் அன்று ராத்திரி தூங்குவானா?” தூங்குவான், இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறதே என்றேன். “அப்போ இது சாம்பியன்ஷிப் இல்லை, லீக். லீக்தான் ஏற்கெனவே இருக்கிறதே!” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வயதானவர், பழைய காலத்திலேயே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

2023-இல் கிட்டத்தட்ட அதே அமைப்பை, இந்த ஆட்டத்தை நடத்தும் சங்கமான ஜி.ஏ.ஏ. கொண்டுவந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் எடுத்து ஒரு முதல் சுற்று ஆட்டத்துக்குப் போனேன். நல்ல ஆட்டம், நெருக்கமான ஸ்கோர். ஆனால் முடிந்தபோது தோற்ற பக்கத்தில் ஒரு முகம்கூடத் தொங்கவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் போகிற வழியில் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு அப்போதுதான் உறைத்தது: 24 ஆட்டங்கள் நடத்தி, வெளியே அனுப்புவது நான்கே அணிகளை.

எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. 2018-இலும் 2019-இலும் கடைசி எட்டு அணிகளை இரண்டு குழுக்களாக ஆடவிட்டார்கள். 2019-இல் டைரோனும் டப்ளினும் ஓமாவில் மோதியபோது இரண்டுமே அரையிறுதிக்குத் தேறியிருந்தன. இரு பக்கமும் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் பாவம்.

நியாயமாகச் சொன்னால், குழு முறையிலும் சூடு பிடித்த நாட்கள் உண்டு. 2025 ஜூனில் டோனகால் கடைசி உதையில் புள்ளி அடித்து மேயோவை வெளியேற்றியதை யார் மறப்பார்கள்? குழுவில் முதலிடம் பிடித்தால் நேராகக் காலிறுதி என்பதால் அதற்கும் மதிப்பு இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட நாளுக்காகப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2026-க்கு குழுக்களைக் கைவிட்டு, காலிறுதிக்கு முந்தைய கட்டத்தில் இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற ஏற்பாட்டுக்குப் போனார்கள்.

அதனால் இப்போது யார் தாள் நீட்டினாலும் ஒரு வேலை கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் ‘தோற்றால் என்ன போகும்?’ என்று ஒரு பத்தி போட்டு நிரப்பச் சொல்கிறேன். அந்த இளைஞன் உட்கார்ந்து நிரப்பினான். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. “இன்னும் ஒரு சுற்று சேர்க்கட்டுமா?” என்று கேட்டான். டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

சின்ன அணிகளுக்குத் தனிக் கோப்பை கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பது

2004-இல் டாமி மர்ஃபி கோப்பை என்று ஒன்று தொடங்கினார்கள். 2007-இல் டிவிஷன் 4 அணிகளுக்குப் பின்வாசலை மூடி, இதுதான் உங்களுக்கு என்றார்கள். யாரும் மதிக்கவில்லை, 2008-ஓடு போய்விட்டது. 2022-இல் வந்த டால்ட்யன் கோப்பை ஓரளவு நிற்கிறது. முதல் வருட இறுதி ஆட்டமே அகில அயர்லாந்து அரையிறுதி நடந்த அன்று, டப்ளினில் உள்ள தலைமை மைதானமான குரோக் பார்க்கில் நடந்தது. ஜெயித்த வெஸ்ட்மீத்துக்கு அடுத்த வருட சாம் மக்வயர் சுற்றில் இடமும் கிடைத்தது. வித்தியாசம் புரிகிறதா? கோப்பையோடு ஒரு கதவும் திறக்க வேண்டும்.

ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கைப் பார்த்துக் காப்பியடிப்பது

அவர்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கலாம். நம் அணிகளோ சொந்த ஊர்க்காரர்களை வைத்துத்தான் ஆட வேண்டும்; லீட்ரிம் கவுண்டியில் இருப்பதே சுமார் 35,000 பேர்.

எங்கே ஆடுகிறார்கள் என்பதை மறப்பது

அம்புக்குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் அநியாயமாகலாம். 2018-இல் கில்டேருக்குச் சொந்த மைதானத்தில் மேயோவோடு ஆட்டம் விழுந்தது. நியூபிரிட்ஜ் மைதானம் சிறியது என்று அதை குரோக் பார்க்குக்கு மாற்றினார்கள். கில்டேர் பிடிவாதமாக நின்றது: நியூபிரிட்ஜில் ஆடுவோம், இல்லாவிட்டால் எங்கேயும் ஆடமாட்டோம். மேலிடம் இறங்கிவந்தது. கில்டேர் 0-21, மேயோ 0-19 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). உங்கள் தாளில் மைதானத்துக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாக்கெடுப்பை மறப்பது

2021 அக்டோபரில் ‘பி’ என்ற திட்டம் சிறப்பு மாநாட்டுக்கு வந்தது. லீக்கையே கோடைக்குக் கொண்டுவந்து சாம்பியன்ஷிப் ஆக்குவது, மாகாணக் கோப்பைகளை அதற்கு முன்பாக நடத்தி முடித்துவிடுவது. தேவைப்பட்டது 60 சதவீதம், கிடைத்தது 50.6. பாதிக்கு மேல் வாங்கியும் தோற்றது. டிவிஷன் 1-இல் ஆறாவதாக வந்த அணி வெளியே, டிவிஷன் 4-ஐ ஜெயித்த அணி உள்ளே என்ற ஓட்டை ஒரு காரணம். மாகாணக் கோப்பையைக் கோடையிலிருந்து நகர்த்துவதை அல்ஸ்டர் விரும்பாதது இன்னொரு காரணம்.

இளைஞனிடம் இதைச் சொன்னதும், அல்ஸ்டர்க்காரர் யாரிடமாவது தாளைக் காட்ட வேண்டும் என்றான். எங்கள் கிளப்பிலேயே கேவன்காரர் ஒருவர் இருக்கிறார். 23 வருடம் காத்திருந்து 2020-இல் கேவன் அல்ஸ்டரை ஜெயித்தபோது, கோவிட் காரணமாக மைதானம் காலி. ஒரு ஆட்டத்துக்குக்கூட அவரால் போக முடியவில்லை. அவர் வெள்ளிக்கிழமை வருவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.