மாண்ட்கோமரி கவுண்டியிடம் ரோடு, வரி, சிக்னல் கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், வீட்டுக்கு முன்னால் இருக்கும் ரோட்டில் ஏதாவது பிரச்சினை என்றதும் ஊர் மேயர் யார் என்று தேட ஆரம்பிப்பார்கள். மேயரே கிடையாது. சில்வர் ஸ்பிரிங், பெதஸ்டா, ஜெர்மன்டவுன் எல்லாம் தபால் முகவரியில் வரும் பெயர்கள், அவ்வளவுதான். தனி நகராட்சி இல்லாததால் அங்கே போலீஸ், பஸ், நூலகம் என்று எல்லாவற்றுக்கும் மாண்ட்கோமரி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அரசைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதே கவுண்டிக்குள் ராக்வில்லுக்கும் கெய்தர்ஸ்பர்குக்கும் சொந்த மேயர், சொந்த மன்றம், சொந்தக் கட்டட விதிகள் உண்டு. இதிலும் ஒரு குழப்பம்: முகவரியில் ராக்வில் என்று இருக்கும், வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கும். அதனால் எல்லையைப் பார்க்காமல் மனு எழுதாதீர்கள்.

அப்புறம் ரோடு யாருடையது என்ற கேள்வி. பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் வீணாகின்றன. ஜார்ஜியா அவென்யூ, ராக்வில் பைக், வியர்ஸ் மில் ரோடு, யூனிவர்சிட்டி பொலிவார்டு இவை எல்லாம் மாநில நெடுஞ்சாலைகள். அவற்றில் வேக வரம்பைக் குறைப்பதும் சிக்னல் வைப்பதும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கிறது. கவுண்டி பரிந்துரைக்கலாம், கெஞ்சலாம், செலவில் பங்கு தருகிறேன் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் முடிவெடுக்க முடியாது. ராண்டால்ஃப் ரோடு, ஷேடி குரோவ் ரோடு போன்றவை கவுண்டியுடையவை. ரோட்டுக்கு 97, 355, 586 என்று மாநில எண் இருந்தால் மாநிலத்துக்கு எழுதுங்கள், மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போடுங்கள். பர்ப்பிள் லைன் ரயில் இழுத்தடிப்பதற்குக் கவுண்டியைத் திட்டுவதும் இதே வகைதான். 2022-ல் ஓடத் தொடங்கும் என்று சொல்லப்பட்ட அந்தத் திட்டம் மாநிலப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பு.

பட்ஜெட்டில் செய்யும் பெரிய தவறு, மே மாதக் கடைசியில் விழித்துக்கொள்வது. நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. கவுண்டி நிர்வாகத் தலைவர் தன் பட்ஜெட் முன்மொழிவை மார்ச் 15-க்குள் கவுண்டி மன்றமான கவுன்சிலிடம் கொடுத்தாக வேண்டும், கவுன்சில் ஜூன் 1-க்குள் முடிவெடுக்க வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கூட்டங்கள் ஏப்ரல் வாக்கில் நடக்கும், குழுக்களின் விவாதம் அதை ஒட்டியே ஓடும். மே இரண்டாம் பாதியில் நீங்கள் அனுப்பும் உருக்கமான மின்னஞ்சலை யாரோ படிப்பார்கள், ஆனால் பணம் அதற்குள் பங்கு போட்டு முடிந்திருக்கும்.

இதைவிட முக்கியம், இங்கே பட்ஜெட் இரண்டு. சம்பளம், பஸ் ஓட்டும் செலவு, பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர்களின் ஊதியம் எல்லாம் வருடாந்தரச் செலவு பட்ஜெட்டில் வரும். நடைபாதை, பாலம், பள்ளிக் கட்டடம் போன்றவை ஆறு ஆண்டு மூலதனத் திட்டத்தில் வரும். அது ஜனவரி நடுவில் கவுன்சிலுக்குப் போகிறது, இரட்டைப்படை ஆண்டுகளில் முழுதாகப் புதிதாக எழுதப்படும், ஒற்றைப்படை ஆண்டுகளில் திருத்தங்கள் மட்டும். ஏப்ரல் கூட்டத்தில் போய் நடைபாதை கேட்டால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். ஒற்றைப்படை ஆண்டில் கேட்டால் இன்னும் மரியாதையாக!

700 கோடி டாலருக்கு மேல் பட்ஜெட் போடும் கவுண்டிக்கு ஒரு சிக்னலுக்குப் பணம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குப் போகிறது. மாணவர் ஒருவருக்குக் கொடுக்கும் தொகையை முந்தைய ஆண்டைவிடக் குறைக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. கடன் தவணை, ஓய்வூதியம் எல்லாம் கழித்தால் கவுன்சிலில் உள்ள 11 பேர் உண்மையில் சண்டை போடுவது மிஞ்சிய துண்டுக்குத்தான். அதனால் 'பணம் இருக்கிறதே' என்று பொதுவாகப் பேசாமல், எந்தத் திட்டத்தின் கீழ் எந்த ஆண்டில் வேண்டும் என்று கேளுங்கள்.

வரியில் ஒரே ஒரு விஷயம். வீட்டு மதிப்பு திடீரென்று ஏறிவிட்டது என்று கவுண்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மதிப்பிடுவது மாநிலத் துறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. நோட்டீஸ் வந்து 45 நாளுக்குள் அவர்களிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். கவுண்டி தீர்மானிப்பது வரி விகிதத்தை.

திட்டமிடலுக்கு வருவோம். பக்கத்துக் காலி மனையில் அடுக்குமாடி வருகிறது என்ற பலகையைப் பார்த்த பிறகு கொதித்தெழுவது ரொம்பத் தாமதம். அந்த இடத்தில் எவ்வளவு உயரம், எத்தனை வீடு என்பது பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பகுதியின் மாஸ்டர் பிளானிலும், எந்த மனையில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியிலும் முடிவாகியிருக்கும். விதிக்குள் அடங்கும் விண்ணப்பத்தை, அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திட்டமிடல் வாரியம் தள்ள முடியாது. அந்த நேரத்தில் பேசிப் பயன் உள்ளவை வாசல் எந்தப் பக்கம், நடைபாதை எவ்வளவு அகலம், லாரி எங்கே நிற்கும் என்பவைதான். அடிப்படையையே மாற்ற வேண்டுமென்றால், மாஸ்டர் பிளான் எழுதப்படும்போதே, கூட்டத்துக்கு நாலு பேர்கூட வராத அந்தக் காலத்திலேயே போக வேண்டும். வாரியத்தில் இருக்கும் ஐந்து பேரை நியமிப்பது கவுன்சில். மாஸ்டர் பிளானுக்குக் கடைசி ஒப்புதல் தருவதும் கவுன்சில்தான். நிர்வாகத் தலைவருக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

சாலைப் பாதுகாப்பில் பலரும் கேட்பது இரண்டே: இன்னும் போலீஸ் போடுங்கள், ஒரு பலகை வையுங்கள். இந்தக் கவுண்டி 2016-ல் 'விஷன் ஜீரோ'வை ஏற்றுக்கொண்டது. 2030-க்குள் சாலையில் உயிரிழப்பும் படுகாயமும் இல்லாமல் செய்வது இலக்கு. அதன் அடிப்படை, மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை இருக்க வேண்டும் என்பது. ஆறு தடம் அகலத்தில் நேராகப் போகும் ரோட்டில் வரம்பு 35 மைல் என்று எழுதிவைத்தால் யார் 35-ல் போவார்கள்? அதனால் கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள்: தடத்தைக் குறுக்குவது, நடுவில் நின்று கடக்க ஒரு மேடை, பஸ் ஸ்டாப்புக்கு நேராகவே கடக்கும் இடம். அடுத்த சிக்னல் கால் மைல் தள்ளி இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்குபவர் நடுரோட்டில்தான் கடப்பார், அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வேகக் கேமரா பணம் பறிக்கும் வேலை என்று புலம்புவதையும் குறைத்துக்கொள்ளலாம். வரம்பைவிட 12 மைலாவது கூடப் போனால்தான் அது டிக்கெட் அனுப்பும். அவ்வளவு சலுகையே அதிகம் என்பேன்.

கடைசியாக, எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நாம் எங்கே பேசுவது என்று ஒதுங்குவது. கவுன்சில் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, முன்பதிவு செய்தால் போதும். இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்பதால் கவுண்டியின் பெருமையில் தொடங்காமல், எந்தச் சந்திப்பு, என்ன நடக்கிறது, என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மேடையில் பேசத் தயக்கமாக இருந்தால் எழுதி அனுப்பலாம், அதுவும் பதிவில் சேரும். அனுப்புவதற்கு முன்பே கவுண்டியின் புகார் சேவையான 311-ல் ஒரு புகார் பதிந்து, அந்தப் புகாரின் எண்ணையும் கடிதத்தில் போட்டுவிடுங்கள்.