சிறப்பு உணவகம் ஓடுமா? திறக்கும் முன் பாருங்கள்

ஒரே வகை உணவை நம்பித் திறக்கும் உணவகத்தை முதல் மாதக் கூட்டத்தை வைத்து எடைபோடாதீர்கள். புதுசு என்றால் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். வந்தவரே மறுபடி வருகிறாரா, அதுவும் வாரநாள் இரவில்? அதுதான் கேள்வி. விசேஷத்துக்கு மட்டும் சாப்பிடும் உணவு என்றால் சுற்றுவட்டாரத்தில் ஆட்கள் நிறைய வேண்டும்.

அப்புறம் கணக்கு. வாடகை, சம்பளம் போன்ற மாதச் செலவை, ஒருவர் தரும் பில்லில் மூலப்பொருள் செலவு போக மிஞ்சும் தொகையால் வகுங்கள். வந்ததை 30 ஆல் வகுங்கள். தினமும் அத்தனை பேர் வந்தால்தான் நஷ்டம் இல்லை. அந்த எண் இருக்கைகளைப் போல நாலைந்து மடங்கு என்றால், அந்த இடம் வேண்டாம்.

பக்கத்தில் அதே வகை உணவகம் நன்றாக ஓடுகிறதா? பயப்படாதீர்கள், அந்த ருசிக்கு அங்கே ஆள் இருக்கிறது.